"நெஞ்சுச் சளிக்கு ரத்தத்தை எதுக்குடி குத்துறாங்க?"

கடந்த மார்கழியில் ஒரு நாள், காலை ஆறரை மணி. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. வாசலில் போட்ட கோலமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தால், லேப் ரிப்போர்ட். புதுச்சேரி, பாகூர் கொம்யூனில் இருக்கும் செலியமேட்டில் வசிக்கும் எங்கள் பெரியம்மாவுடையது. 'சிஆர்பி' என்ற வரிக்கு எதிரே 18 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. 6-க்குள் இருக்க வேண்டுமாம்.

அடுத்த பத்து நிமிடத்தில் குழு அமர்க்களப்பட்டது. கூகுளில் தேடிய தம்பி, "இது கூடினா ஹார்ட் அட்டாக் வருமாம்" என்றான். சித்தப்பா, "கேன்சருக்கும் ஏறுமாம்ல" என்று குரல் பதிவு அனுப்பினார். பெங்களூரு அக்கா கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினாள். சம்பந்தப்பட்டவரிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நான் போன் போட்டேன்.

"இருமல் தாங்கலன்னு போனேன். ரத்தம் எடுத்தாங்க. ரத்தத்துல என்னமோ ஏறிக்கிச்சாம்" என்ற பெரியம்மா, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "நெஞ்சுல இருக்கிற சளிக்கு, கையில ரத்தத்த எதுக்குடி குத்துறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. பல் வலி என்று போனவரின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் நாம் கேட்க மாட்டோமா? அந்தக் கேள்வியோடு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் போனதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார்.

பீடி தொடாதவருக்குப் புகை நோய்

பெரியம்மாவுக்கு 63 வயது. பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதில்லை. ஆனால், புகை அவரைத் தொட்டுக்கொண்டே இருந்தது. பதினாறு வயதில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகடுப்பு. சவுக்கு மிளாறு, வறட்டி, தென்னை மட்டை என்று கையில் கிடைத்ததெல்லாம் அடுப்புக்குள் போகும். அறுப்பு முடிந்தால் வாசலில் அண்டா வைத்து நெல் அவிப்பார்கள். பதரையும் உமியையும் தள்ளித் தள்ளி எரிக்க, விடிய விடியப் புகை. கேஸ் சிலிண்டர் வந்து பல வருடங்கள் ஆகின்றன. சமையல் மட்டும்தான் அதில். குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி, விசேஷ நாளில் பெரிய சமையல் எல்லாம் இன்றைக்கும் கொல்லைப்புற விறகடுப்பில்தான். "கேஸுல வெச்ச வெந்நி ஒடம்புக்கு ஒத்துக்கல" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

இந்தப் புகையால் வருவது சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் திணறும். சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நோய் என்றுதான் உலகம் நீண்டகாலம் நினைத்துக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், 30 வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 100-ல் 2 பேருக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 2.44 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்பவர்களிடம் அது 3 சதவிகிதம். கேட்க சின்ன எண்ணாகத் தெரியலாம். இவர்கள் யாரும் ஒரு சிகரெட்கூடப் பிடித்தவர்கள் இல்லை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

நாடு முழுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2018-ல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 1990-ல் 2 கோடியே 81 லட்சமாக இருந்த சிஓபிடி நோயாளிகள், 2016-ல் 5 கோடியே 53 லட்சம் ஆகியிருந்தார்கள். இவர்களில் எத்தனை பேர் "எனக்கு வருஷா வருஷம் பனிக்காலத்துல சளி பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ!

நுரையீரலில் நெருப்பு, கல்லீரலில் சைரன்

சரி, ரத்தத்தை ஏன் குத்துகிறார்கள்?

புகையின் நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உடலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கப் பார்க்கின்றன. முடியாதபோது துணைக்கு ஆள் கூப்பிடுகின்றன. வெள்ளை அணுக்கள் படையாக வந்து இறங்க, அந்த இடம் சிவந்து, வீங்கி, சளியைச் சுரக்கிறது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதே வேலைதான். முள்ளைப் பிடுங்கிவிட்டால் கால் ஆறிவிடும். நாற்பது வருடமாகத் தினமும் முள் குத்திக்கொண்டே இருந்தால்?

அந்த வெள்ளை அணுக்கள் அனுப்பும் ரசாயனச் சேதி, ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் உடனே சில புரதங்களைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் முக்கியமானது சி-ரியாக்டிவ் புரோட்டீன். சுருக்கமாக, சிஆர்பி. எங்கோ தீப்பிடித்தால் எங்கோ சைரன் ஊதுவது போல. பெரியம்மாவின் கையில் குத்தி எடுத்த ரத்தத்தில் லேப்காரர்கள் அளந்தது அந்தச் சைரன் சத்தத்தைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சைரனை உலகம் முதலில் கேட்டதே நுரையீரல் நோயாளிகளிடம்தான். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நிமோனியாக் கிருமியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளோடு அந்த ரத்த நீரைச் சேர்த்தபோது, பால் திரிவது போலத் திரிந்தது. நோய் குணமானதும் திரிவது நின்றுவிட்டது. 'சி'-யோடு வினைபுரியும் புரதம் என்பதால் அந்தப் பெயர். அப்போது பென்சிலின்கூடப் புழக்கத்துக்கு வரவில்லை.

சைரன் சத்தம் நெருப்பு எரிகிறது என்று சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது. சிஆர்பியும் அப்படித்தான். ஈறு வீங்கினாலும், முடக்குவாதம் இருந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். உடல் பருமனாக இருந்தாலே கொஞ்சம் ஏறி நிற்கும். அதனால், சிஆர்பி ஏறியிருக்கிறது என்ற ஒரே காரணத்தை வைத்து, "உங்களுக்கு இந்த நோய்" என்று யாராலும் சொல்ல முடியாது. போனைத் திறந்தால் 'முழு உடல் பரிசோதனை, 72 டெஸ்ட்' என்று விளம்பரம் வருகிறதே, அதில் இதுவும் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். காரணமே இல்லாமல் எடுத்துப் பார்த்துவிட்டு, ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டவர்களை எனக்கே தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில லேப்களில் சிஆர்பியை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள். சிலர் டெசிலிட்டர் கணக்கில் போடுவார்கள். டெசிலிட்டர் கணக்கில் 1.8 என்பதும், லிட்டர் கணக்கில் 18 என்பதும் ஒன்றேதான். போன மாதம் ஒரு லேபில் 1.8, இந்த மாதம் வேறு லேபில் 18 என்றால் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அலற வேண்டாம். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா, வேண்டாமா?

இருந்தாலும், சிஓபிடி இருக்கிறது என்று ஏற்கெனவே உறுதியான ஒருவருக்கு, திடீரென்று இருமலும் மூச்சுத்திணறலும் கூடும்போது, சிஆர்பி ஓர் உருப்படியான வேலையைச் செய்கிறது.

அப்படி நோய் முற்றி வரும் ஒவ்வொரு முறையும் காரணம் பாக்டீரியா அல்ல. வைரஸாக இருக்கலாம். அக்கம்பக்கத்தில் குப்பை கொளுத்திய புகையாக இருக்கலாம். வைரஸுக்கும் புகைக்கும் ஆன்டிபயாடிக் தந்து பயனில்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? இருமல் என்றாலே ஐந்து நாள் கோர்ஸ். பெரியம்மாவின் கணக்குப்படி, ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த கோடைக்குள் நான்கு கோர்ஸ் முடித்திருந்தார். இரண்டு, சீட்டே இல்லாமல் வாங்கியவை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 86 மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூச்சுத்திணறல் முற்றி வந்த 653 சிஓபிடி நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறுபாதிக்கு, விரல் நுனியில் குத்தி உடனடியாக சிஆர்பி பார்த்து, அதையும் வைத்து முடிவெடுத்தார்கள். 20-க்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது. 20-லிருந்து 40 என்றால் சளியின் நிறத்தைப் பார்த்து, பழுத்த சளியாக இருந்தால் தரலாம். 40-க்கு மேல் என்றால் பயன் தரும் வாய்ப்பு அதிகம். 2019-ல் முடிவு வந்தது. வழக்கமான வைத்தியத்தில் 77.4 சதவிகிதம் பேர் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டார்கள். சிஆர்பி பார்த்தவர்களில் 57 சதவிகிதம் பேர்தான். குறைவாக மருந்து சாப்பிட்டதால் அவர்களின் உடல்நிலை மோசமாகவில்லை.

அந்த அளவுகோலில் பெரியம்மாவின் 18 எங்கே நிற்கிறது? 20-க்குக் கீழே. எங்கள் குழுவையே கதிகலங்க வைத்த எண், உண்மையில் "இந்த முறை ஆன்டிபயாடிக் அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு முட்டினாலோ, பேச்சு குழம்பினாலோ சிஆர்பி எவ்வளவு என்று லேபில் காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒரே ஒரு சிஆர்பியைவிட, உடல் ஓரளவு நன்றாக இருக்கும் நாளிலும் அது இறங்காமல் நிற்கிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். கிருமித் தொற்றில் மளமளவென்று ஏறும் சிஆர்பி, தொற்று அடங்கினால் வேகமாக இறங்கிவிட வேண்டும். ரத்தத்தில் அதன் பாதி அளவு கரைய 19 மணி நேரம் போதும். 'எக்லிப்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வில் 1,755 சிஓபிடி நோயாளிகளின் ரத்தத்தில் சிஆர்பி உள்ளிட்ட ஆறு அழற்சி அடையாளங்களை ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். 100-ல் 30 பேருக்கு எதுவுமே ஏறவில்லை. 16 பேருக்கு இரண்டு முறையும் ஏறியே இருந்தது. மூன்று வருடத்தில், எதுவும் ஏறாதவர்களில் 2 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். ஏறியே இருந்தவர்களில் 13 சதவிகிதம்.

100-ல் 30 பேருக்கு ரத்தத்தில் எதுவுமே தெரியவில்லை என்பதையும் சேர்த்தே கவனியுங்கள். ரத்தம் நார்மல் என்பதால் நுரையீரல் நார்மல் என்று ஆகிவிடாது.

'ஈஸ்னோபீலியா' என்ற வீட்டு வார்த்தை

பெரியம்மா ரிப்போர்ட்டுகளை ஒரு மஞ்சப்பையில் வைத்திருப்பார். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகைகளோடு. நுரையீரல் மருத்துவரிடம் போனபோது அந்தப் பையோடுதான் போனோம். டாக்டரம்மா சிஆர்பி தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "பழைய ரத்த டெஸ்ட் இருந்தா எல்லாத்தையும் எடுங்க" என்றார். அவர் தேடியது, சிபிசி எனப்படும் சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனைத் தாள்களை. ரத்தசோகை, காய்ச்சல், டெங்கு பயம் என்று எதற்குப் போனாலும் எடுப்பார்களே, அதே டெஸ்ட். அதில் ஒரு வரியில் விரலை வைத்தார்: ஈசினோஃபில்.

"அட, ஈஸ்னோபீலியாவா? எங்க மாமியாருக்கும் இருந்துச்சு" என்றார் பெரியம்மா.

நம் ஊரில் இந்த வார்த்தை தெரியாத பாட்டியே கிடையாது. ஆஸ்துமா என்று சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று, இளைப்பு இருக்கும் பெண்ணுக்கெல்லாம் 'ஈஸ்னோபீலியா' என்று பெயர் வைத்த காலம் ஒன்று இருந்தது. ஆனால், இந்த வார்த்தைக்கு நம் மண்ணிலேயே உண்மையான ஒரு வரலாறும் உண்டு.

ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் என்ற காசநோய் மருத்துவமனை. அன்றைக்கு அது சென்னை மாகாணம். காசநோய் என்று வந்தவர்களில் சிலருக்கு இருமலும் எக்ஸ்ரே நிழலும் இருந்தன, கிருமி மட்டும் கிடைக்கவில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அங்கே பணியாற்றிய ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன் ஆகிய மருத்துவர்கள் 1940-ல் இதைப் பற்றி எழுதினார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு 'டிராபிகல் ஈசினோஃபீலியா' என்று பெயர் வைத்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது. யானைக்காலைக் கொடுக்கும் அதே ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக, சிலரின் உடல் அளவு மீறிக் கொந்தளிப்பதால் வரும் இருமல் அது. டிஇசி மாத்திரையில் அடங்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஃபைலேரியா பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1975-ல் கொசுவழி நோய்களுக்கான தேசிய ஆய்வு மையம் இங்கேதான் தொடங்கப்பட்டது. 1980-களின் முதல் பாதியில், யானைக்காலைப் பரப்பும் கொசுவை ஒழிக்கும் பெரிய செயல்விளக்கத் திட்டம் நடந்ததும் புதுச்சேரியில்தான். காசநோய் என்று நினைத்து வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருக்க வேண்டிய எத்தனையோ பேரை, ஒரு ரத்தத் துளியில் எண்ணிய அணுக்கள் காப்பாற்றியிருக்கின்றன.

அந்தப் பழைய ஈசினோஃபில்தான் இன்றைக்கு சிஓபிடி வைத்தியத்தில் புது மரியாதையோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

வீட்டிலேயே ஒரு பெருக்கல் கணக்கு

சிஓபிடிக்கு இன்ஹேலர்தான் பிரதான வைத்தியம். அதில் இரண்டு வகை மருந்துகள் உண்டு. மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் மருந்து எல்லாருக்கும் தேவை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து எல்லாருக்கும் தேவையில்லை. தேவையானவருக்குக் கொடுத்தால் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவது குறையும். தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் பலன் குறைவு, நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது, வாயில் வெண்புண் வருகிறது. யாருக்குத் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நுரையீரலில் நடப்பது எல்லாருக்கும் ஒரே விதமான அழற்சி இல்லை. சிலருக்கு நியூட்ரோஃபில் என்ற அணு முன்னால் நிற்கும். அதற்கு ஸ்டீராய்டு அவ்வளவாக மசியாது. சிலருக்கு ஈசினோஃபில் முன்னால் நிற்கும். அது ஸ்டீராய்டுக்கு அடங்கும். 'கோல்ட்' எனப்படும் உலகளாவிய சிஓபிடி வழிகாட்டுதல், 2019 அறிக்கையில் இதற்கு எண்களையே கொடுத்துவிட்டது. அடிக்கடி நோய் முற்றுபவருக்கு, ரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில் ஈசினோஃபில் 300 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டீராய்டு இன்ஹேலர் சேர்ப்பது நல்லது. 100-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் வேண்டாம். நடுவில் இருந்தால் மருத்துவர் மற்றதையும் பார்த்து முடிவு செய்வார்.

பல ரிப்போர்ட்டுகளில் ஈசினோஃபில் சதவிகிதமாக மட்டும் இருக்கும். கவலை வேண்டாம். மொத்த வெள்ளை அணுக்களை அந்தச் சதவிகிதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும். டாக்டரம்மா சீட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். பெரியம்மாவின் இரண்டு வருடத்துக்கு முந்தைய தாளில் மொத்தம் 7,900, ஈசினோஃபில் 4 சதவிகிதம். ஆக, 316. சென்ற ஐப்பசி தாளில் 8,400, 5 சதவிகிதம். 420. கடைசியாக எடுத்ததில் 11,600, வெறும் 1 சதவிகிதம். 116.

"இது மட்டும் ஏன் இப்படிக் குறைஞ்சிருக்கு?" என்று நான் கேட்டேன். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். "இந்த டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி சின்ன வெள்ளை மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? பசி எடுத்திருக்குமே?"

சாப்பிட்டிருந்தார். அஞ்சு நாள். மெடிக்கலில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை. அது ரத்தத்தில் ஈசினோஃபிலை அமுக்கிவிடும், மொத்த வெள்ளை அணுக்களைக் கூட்டிக் காட்டும். அந்த ஒரு தாளை மட்டும் பார்த்திருந்தால், பெரியம்மாவை 'ஸ்டீராய்டு இன்ஹேலர் கட்டாயமில்லை' என்ற பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த மஞ்சப்பைக்கு ஒரு கும்பிடு.

வயிற்றில் புழு, ஒவ்வாமை, தோல் அரிப்பு இவற்றாலும் ஈசினோஃபில் ஏறும். 3,000-ஐத் தாண்டி, ராத்திரி இருமலும் இருந்தால் பழைய ஃபைலேரியா ஞாபகம் வர வேண்டும். அதனால் பெருக்கல் கணக்கை நீங்கள் போடலாம், முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்ஹேலர்களைத் தாண்டியும் அடங்காதவர்களுக்கு, ஈசினோஃபில் வகை அழற்சியைக் குறிவைக்கும் டுபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. அதன் முக்கியமான பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களும் ஈசினோஃபில் 300 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்தான். செலியமேட்டுக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையில் அது இல்லை. சிபிசி டெஸ்ட் அப்படியில்லை.

மற்ற அடையாளங்களையும் கேட்டுவைத்தேன். ஃபைப்ரினோஜன், ரத்தம் உறைவதற்கான புரதம். அழற்சியில் இதுவும் ஏறும். சிஓபிடிக்காரர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவதற்கான காரணங்களில் ஒன்றாக இதைச் சந்தேகிக்கிறார்கள். மருந்து ஆராய்ச்சிகளில் ஆட்களைத் தேர்வு செய்ய உதவுகிறது. நம் போன்றவர்கள் அன்றாடம் எடுக்க வேண்டியது இல்லை. ஈஎஸ்ஆர் நம் ஊரில் இன்னும் எழுதுகிறார்கள். ரத்தசோகை இருந்தாலே ஏறிவிடும், வயதானாலும் ஏறும். பெரியம்மாவின் பையில் ஏழு ஈஎஸ்ஆர் இருந்தது. ஏழையும் டாக்டரம்மா புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஊதாங்குழல் ஊதியவரை ஊதச் சொன்னார்கள்

இத்தனை ரத்தத் தாள்கள் இருந்தும், பெரியம்மாவுக்கு சிஓபிடிதான் என்று அதுவரை யாரும் உறுதி செய்யவே இல்லை. ஏனென்றால், அதற்கான டெஸ்ட் ரத்தத்தில் இல்லை. ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே தம்மில் வேகமாக ஊத வேண்டும்.

"நாப்பது வருஷமா ஊதாங்குழல் ஊதினவகிட்டயே ஊதச் சொல்றியா?" என்று சிரித்துக்கொண்டே குழாயை வாங்கினார் பெரியம்மா. முதல் முறை காற்று பக்கவாட்டில் போய்விட்டது. இரண்டாவது முறை பாதியில் இருமல். மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தை இழுக்க வைத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊத வைத்தார்கள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று அந்தத் தொழில்நுட்பப் பெண் போட்ட சத்தத்தில் வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

ஊதும் மொத்தக் காற்றில் எவ்வளவு முதல் நொடியில் வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. மருந்து இழுத்த பிறகும் அது 0.7-க்குக் கீழே என்றால் அடைப்பு உறுதி. பெரியம்மாவுக்கு 0.58.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எண் புரிந்ததால் இல்லை. தன்னால் ஊத முடியவில்லை என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாக உணர்ந்தார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். அதை ஏற்கெனவே செய்திருந்தோம். இல்லை என்று வந்தது. ஊதும் டெஸ்ட், நெஞ்சு நோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் உண்டு. புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜிப்மர், கோரிமேடு அரசு மார்பு நோய் மருத்துவமனை என்று விசாரித்துப் போக வழியிருக்கிறது. போகும்போது மறக்காமல் பழைய சிபிசி தாள்களையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால், எத்தனை நாளைக்கு முன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் எழுதினார்கள். நேராக வாயில் அடித்தால் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும் என்று, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு ஒன்றும். இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். அதில் மட்டும் பெரியம்மா இன்னும் ஏமாற்றுகிறார். ஃப்ளூ தடுப்பூசியும் போட்டாயிற்று. விறகடுப்பு மட்டும் ஒரு மாதம் சண்டைக்குப் பிறகு, கொல்லையிலிருந்து வேப்பமரத்தடிக்கு நகர்ந்தது. மாட்டுக் கஞ்சியை இப்போது பெரியப்பா காய்ச்சுகிறார். முதல் நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றவரிடம், "எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம் பெரியம்மா.

இந்த முறை மழை தொடங்கியதும் மறுபடி இருமல் வந்தது. சளி வெள்ளையாகத்தான் இருந்தது. மூச்சு முட்டல் கொஞ்சம் கூடியிருந்தது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சிஆர்பி பார்க்கச் சொன்னார். 11. நிவாரண இன்ஹேலரை எத்தனை மணிக்கு ஒரு முறை இழுக்க வேண்டும், எப்போது உடனே ஓடி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆன்டிபயாடிக் இல்லை.

பஸ் ஏறியதும் பெரியம்மா எனக்குப் போன் போட்டார்.

"ஏன்டி, ஒரு மாத்திரகூட எழுதலியே. இந்த டாக்டரம்மா நெசமாவே நல்லாப் படிச்சவங்கதானா?"